டைல்ஸ் போட ஆள் தேடுறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு இதை படிங்க!

காரைக்குடி:-

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு. பத்திரிகை அடிச்சாச்சு. சமையல்காரருக்கும் சொல்லியாச்சு. ஆனால் ஹாலில் தரை மட்டும் இன்னும் வெறும் காங்கிரீட்டாக கிடக்கிறது. டைல்ஸ் போட வருகிறேன் என்று அட்வான்ஸ் வாங்கிய மேஸ்திரி 4 நாளாக போனை எடுக்கவில்லை.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பகுதியில் வீடு கட்டியவர்களிடம் பேச்சு கொடுத்தால் இப்படி ஒரு கதை வராமல் இருக்காது.

வீட்டு வேலையில் டைல்ஸ் கடைசி கட்டத்தில் தான் வருகிறது. அதற்குள் பேங்க் லோன் தீர்ந்து, நகை அடகுக்கு போய், வீட்டுக்காரரும் ஓய்ந்து போயிருப்பார். ‘யாராவது வந்து போட்டுக் கொடுத்தால் போதும்’ என்ற மனநிலையில் தான் ஆள் தேடுகிறார். அந்த அவசரத்தில் தான் பணம் ஏமாறுகிறது.

இந்த பக்கத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணத்தில் எழும்பும் வீடுகள் அதிகம். இங்கே நின்று வேலை வாங்குவது மனைவியோ, வயதான தாய்-தந்தையோ தான். ‘‘அண்ணன் வெளிநாட்டுல தானே இருக்காக, நீங்க கவலைப்படாதீக ஆச்சி, நான் பார்த்துக்கறேன்’’ என்று பேசுகிறவர் நல்லவராகவும் இருக்கலாம். வேறு மாதிரியும் இருக்கலாம். பேச்சை வைத்து அதை கண்டுபிடிக்க முடியாது. அவர் ஏற்கனவே செய்த வேலையை வைத்து கண்டுபிடிக்க முடியும்.

அது எப்படி? விவரம் வருமாறு:-

டமார் சத்தம்

இந்தியாவில் தயாராகும் டைல்சில் பெரும்பகுதி குஜராத் மாநிலம் மோர்பியில் தயாராகிறது. நம்ம ஊர் கடைகளில் அடுக்கி வைத்திருப்பதிலும் அந்த சரக்கு தான் நிறைய. ‘எந்த கம்பெனி நல்ல கம்பெனி’ என்று 10 கடை ஏறி இறங்குகிற ஜனங்கள், அதை போடுகிற ஆளை 10 நிமிஷத்தில் முடிவு செய்து விடுகிறார்கள். இது தலைகீழ். நல்ல டைல்சை மோசமான ஆள் போட்டால் வீணாகி விடும். சுமாரான டைல்சை நல்ல ஆள் போட்டால் 20 வருஷம் கிடக்கும்.

மோசமாக போட்ட தரை என்ன ஆகும்? முதலில் ஒன்றும் தெரியாது. பளபளவென்று தான் இருக்கும். டைல்சுக்கு அடியில் கலவை முழுசாக பரவாமல் நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் பொட்டு வைத்தது போல ஒட்டியிருந்தால், மீதி இடம் காலியாக இருக்கும். அந்த காலி இடத்துக்கு மேல் கட்டில் கால் நின்றாலோ, கியாஸ் சிலிண்டரை ‘டங்’ என்று வைத்தாலோ மூலை உடையும்.

இன்னொன்று இன்னும் மோசம். ‘‘இடைவெளியே தெரியாம ஜாயிண்ட் ஃப்ரீயா போட்டு தர்றேன்’’ என்று சொல்லி, டைல்சை ஒன்றோடு ஒன்று இடித்து ஒட்டி விடுவார்கள். பார்க்க அழகு. ஆனால் வெயிலில் தரை சூடேறி விரியும் போது டைல்சுக்கு போக இடம் இல்லை. சுவரிலும் இடைவெளி விட்டிருக்க மாட்டார்கள். ஒருநாள் மத்தியானம் நடு ஹாலில் ‘டமார்’ என்று சத்தம் கேட்கும். ஓடி வந்து பார்த்தால் 2 டைல்ஸ் கூடாரம் போல கிளம்பி நிற்கும். பூமி அதிர்ச்சி என்று பயந்து வெளியே ஓடுபவர்களும் உண்டு. அது பூமி அதிர்ச்சி இல்லை, மேஸ்திரியின் கைவண்ணம்.

இதை சரி செய்ய உடைத்து எடுக்கும் கூலி, புது டைல்ஸ், திரும்ப போடும் கூலி, கழிவை அள்ளிப் போட வண்டி வாடகை என்று செலவு இரண்டு மடங்கு ஆகும். அதற்குள் அதே டிசைன் கடையில் நின்று போயிருக்கும்.

ஆள் எங்கே கிடைப்பார்?

முதல் வழி, டைல்ஸ் கடை. பில் போடும் போதே ‘‘நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், அனுப்பட்டுமா?’’ என்று கேட்பார்கள். அவர்கள் அனுப்புகிற ஆள் நன்றாக வேலை தெரிந்தவராகவே இருக்கலாம். சில கடைகளுக்கு அந்த ஆளிடம் இருந்து கமிஷன் போகும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ‘‘நாளைக்கு டைல்ஸ் கிளம்புனா நீங்க பொறுப்பா, அவரு பொறுப்பா?’’ பதில் சுற்றி வளைத்து வந்தால் புரிந்து கொள்ள வேண்டியது தான்.

இரண்டாவது, வீடு கட்டுகிற கான்ட்ராக்டரே டைல்சையும் சேர்த்து எடுப்பது. நமக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் அவர் டைல்ஸ் வேலையை இன்னொருவருக்கு உள் காண்டிராக்ட் விட்டிருப்பார். அந்த இன்னொருவர் யார் என்று வேலை தொடங்கும் முன்பே பார்த்து பேசி விடுங்க.

மூன்றாவது, செல்போனில் ‘அருகில் உள்ள டைல்ஸ் காண்டிராக்டர்’ என்று தேடுவது. வருகிற நம்பர்களில் சில, வேலையே செய்யாத புரோக்கர்கள் நம்பர். மதுரையிலோ திருச்சியிலோ உட்கார்ந்து கொண்டு, போன் வந்ததும் உங்கள் ஊரில் சும்மா இருக்கும் ஆளை தேடி அனுப்புவார்கள். நடுவில் ஒரு பங்கு அவர்களுக்கு. ‘‘உங்க வீடு எங்க இருக்கு, கோட்டையூர்ல நீங்க செஞ்ச வேலை ஒண்ணு காட்டுங்க’’ என்று கேட்டால் 2 நிமிஷத்தில் தெரிந்து விடும்.

நாலாவது தான் பழைய வழி. உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ 2, 3 வருஷத்துக்கு முன்பு வீடு கட்டியவரிடம் போய் யார் போட்டது என்று கேட்பது. எலக்ட்ரீசியன், பிளம்பர், பெயிண்டர் ஆகியோரிடமும் கேட்கலாம். குறிப்பாக பிளம்பர். எந்த மேஸ்திரி போட்ட பாத்ரூமில் தண்ணீர் கசிகிறது என்பது அவருக்கு அத்துப்படி. திரும்ப உடைக்க கூப்பிடுவது அவரைத்தானே!

பழைய வேலையை பாருங்க

மேஸ்திரிகள் செல்போனில் போட்டோ காட்டுவார்கள். போட்டோவில் எல்லா தரையும் அழகு தான். அது அவர் செய்த வேலையா என்பதே யாருக்கு தெரியும்? போன மாதம் முடித்த வேலையை காட்டினாலும் போதாது. குறைந்தது ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்த வீட்டை காட்டச் சொல்லுங்க. 2 வீடு போதும்.

அங்கே போனால் தலை நிமிர்ந்து டிசைனை பார்க்காதீங்க. கையில் ஒரு ரூபாய் நாணயமோ சாவியோ எடுத்துக்கிட்டு தரையை தட்டிக் கொண்டே போங்க. அடியில் கலவை நிறைந்திருந்தால் ‘டக் டக்’ என்று கெட்டியாக கேட்கும். காலியாக இருந்தால் ‘டொக் டொக்’ என்று பானை சத்தம் வரும். ஒரு டைல்சில் ஒரு ஓரம் அப்படி கேட்டால் பரவாயில்லை. வரிசையாக கேட்டால் அந்த மேஸ்திரிக்கு டீ வாங்கி கொடுத்து அனுப்பி விடலாம்.

செருப்பை கழற்றி விட்டு வெறும் காலில் நடங்க. டைல்சுக்கு டைல்ஸ் ஏற்ற இறக்கம் இருந்தால் கண்ணுக்கு தெரியாதது கட்டை விரலுக்கு தெரியும். கதவு நிலை ஓரம், தூண் ஓரம், படிக்கு கீழே உள்ள மூலை இந்த இடங்களில் குனிந்து பாருங்க. நடு ஹாலில் யாரும் போட்டு விடுவார்கள். வெட்டிப் போடுகிற இடத்தில் தான் கை தெரியும். வெட்டிய துண்டு பல்லு பல்லாக உடைந்து, இடைவெளியை வெள்ளை சிமெண்டால் அடைத்திருந்தால் அவசர கை.

கடைசியாக வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு வார்த்தை. ‘‘சொன்ன நாளில் முடிச்சாரா? அப்புறம் கூப்பிட்டா வந்தாரா?’’ முதல் கேள்வியை விட இரண்டாவது கேள்வி முக்கியம்.

வட மாநில ஆட்கள்

இப்போது மார்பிள், கிரானைட், பெரிய சைஸ் டைல்ஸ் வேலையில் வட மாநில தொழிலாளர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ராஜஸ்தான் மாநிலத்தில் மக்ரானா, கிஷன்கர் என்று கல் தொழிலுக்கே பேர் போன ஊர்கள் உண்டு. அந்த பக்கத்து ஆட்களுக்கு கல் வேலை பரம்பரை தொழில் மாதிரி. உத்தரபிரதேசம், பீகார், ஒடிசாவில் இருந்து வந்து இங்கே வேலை பழகியவர்களும் இருக்கிறார்கள். ‘வடக்கன் போட்டால் சரியா இருக்காது’ என்று சொல்வதும், ‘நம்மாளுக சோம்பேறி’ என்று சொல்வதும் இரண்டுமே சும்மா பேச்சு. பல வீடுகளில் நூல் பிடித்த மாதிரி வேலை செய்து விட்டு போயிருக்கிறார்கள்.

சிக்கல் அவர்களை கூட்டி வருகிற ஏஜெண்டிடம் தான். சதுர அடிக்கு நம்மிடம் ஒரு ரேட் வாங்கி, அவர்களுக்கு அதில் பாதி கொடுத்தால், அவர்களும் ஒரே நாளில் எத்தனை அடி ஓட்டலாம் என்று தான் பார்ப்பார்கள். கூலி பாக்கி வைத்தால் நடு வேலையில் ரெயில் ஏறி விடுவார்கள். ஆகவே ரேட் பேசும் போதே தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறவர் யார், அவர் எத்தனை வருஷமாக இந்த தொழிலில் இருக்கிறார், பிறகு பழுது வந்தால் யாரை கூப்பிடுவது என்று கேட்டு, உள்ளூரில் நிரந்தரமாக இருக்கும் ஒருவர் பெயரில் பொறுப்பை வாங்கி விட வேண்டும்.

சதுர அடி கணக்கு

இதில் தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். ‘‘சதுர அடிக்கு இவ்வளவு’’ என்று ஒரே வார்த்தையில் முடிப்பார்கள். வேலை முடிந்ததும் ஸ்கர்ட்டிங் தனி, படி தனி, படி மூக்கு மழிக்கிறது தனி, மாடிக்கு டைல்ஸ் தூக்குனது தனி, எபாக்சி தனி என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாம் கூட்டினால் பேசிய தொகையை விட எங்கோ போய் நிற்கும்.

அதனால் 3 பேரிடமாவது ரேட் கேளுங்க. மூன்று பேரிடமும் ஒரே பட்டியலை கொடுத்து கேட்டால் தான் யார் ரேட் குறைவு என்பது தெரியும். தரை எத்தனை சதுர அடி, பாத்ரூம் சுவர் எவ்வளவு உயரம் வரை, ஸ்கர்ட்டிங் எத்தனை அடி நீளம், படி எத்தனை, சிமெண்ட்-எம்.சாண்ட்-பசை யார் வாங்குவது, கழிவை யார் அள்ளுவது... இவ்வளவும் அந்த பட்டியலில் இருக்கட்டும்.

டைல்ஸ் எவ்வளவு வாங்குவது என்பதையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 12-க்கு 14 அறை என்றால் தரை 168 சதுர அடி. சுற்றளவு 52 அடி. வாசலுக்கு மூன்றரை அடி கழித்தால் நாற்பத்தி எட்டரை அடி. 4 அங்குல உயர ஸ்கர்ட்டிங்குக்கு சுமார் 16 சதுர அடி. ஆக 184. வெட்டு, உடைசலுக்கு 100-க்கு 5 வீதம் சேர்த்தால் 193. டைமண்ட் மாதிரி குறுக்காக போட்டால் வெட்டு அதிகம், 100-க்கு 10 வைக்க வேண்டும்.

2-க்கு 2 டைல்ஸ் ஒரு பாக்சில் 4 இருக்கும். 16 சதுர அடி என்று வாயில் சொல்வார்கள். உண்மையில் அது 60 சென்டிமீட்டர் டைல்ஸ். 4 டைல்சுக்கு பதினைந்தரை சதுர அடி தான் வரும். ஒரு அறைக்கு பெரிதாக தெரியாது. 1,000 சதுர அடி வீட்டுக்கு 63 பாக்ஸ் போதும் என்று கணக்கு போட்டு வாங்கினால், உண்மையில் 65 வேண்டும். கடைசியில் 2 பாக்ஸ் குறையும் போது கடைக்கு ஓடினால் அதே பேட்ச் இருக்காது. கலர் ஒரு சாயல் மாறும். எனவே வாங்கும் போதே எல்லா பாக்சிலும் பேட்ச் நம்பரும், ஷேடும் ஒன்றா என்று பார்த்து இறக்குங்க.

இறக்கியதும் 2 பாக்சை பிரித்து, 2 டைல்சை முகத்தோடு முகம் வைத்துப் பாருங்க. நடுவில் பிளவு தெரிந்தாலோ, வைத்ததும் ஆடினாலோ டைல்சிலேயே வளைவு இருக்கிறது. அப்போதே மாற்றி விட வேண்டும். போட்ட பிறகு சொன்னால் கம்பெனியும் கடையும் ஏற்பதில்லை. மேஸ்திரி ‘டைல்ஸ் வளைவு’ என்பார். கடைக்காரர் ‘போட்டது சரியில்லை’ என்பார். நடுவில் நாம் தான் பந்து.

எழுதி வாங்குங்க

ஸ்டாம்ப் பேப்பர் எல்லாம் வேண்டாம். வெள்ளை பேப்பரில் வேலை விவரம், ரேட், தொடங்கும் நாள், முடிக்கும் நாள், எந்த கட்டத்தில் எவ்வளவு பணம், பழுது வந்தால் எத்தனை மாதம் வரை இலவசமாக சரி செய்வார் என்று எழுதி இருவரும் கையெழுத்து போட்டால் போதும். மேஸ்திரியின் ஆதார் நகலை வாங்கி வைப்பதில் தப்பில்லை. கேட்டால் கோபித்துக் கொள்கிற ஆள் வேண்டாம்.

பணம் கொடுப்பதில் தான் சாமர்த்தியம் வேண்டும். டைல்ஸ், சிமெண்ட் எல்லாம் நீங்களே வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்றால் மேஸ்திரிக்கு பெரிய அட்வான்ஸ் தேவையே இல்லை. ஆட்கள் வந்து இறங்கி வேலை தொடங்கும் நாளில் சாப்பாட்டு செலவுக்கு கொஞ்சம். அப்புறம் ஒவ்வொரு அறையாக முடிய முடிய அளந்து கொடுங்க. கடைசி 10 சதவீதத்தை பிடித்து வைத்து, 15 நாள் புழங்கிப் பார்த்து விட்டு கொடுங்க. இதையும் முதலிலேயே எழுதி விட வேண்டும். வேலை முடிந்த பிறகு ‘பிடித்துக் கொள்கிறேன்’ என்றால் அது அநியாயம். அவரும் வாரக்கடைசியில் ஆட்களுக்கு கூலி கொடுக்க வேண்டியவர்.

ரொக்கமாக கொடுக்காமல் கூகுள் பே, போன் பே, பேங்க் மூலம் அனுப்பினால் பிறகு சாட்சி தேட வேண்டாம். வெளிநாட்டில் இருந்து வீட்டுக்காரரே நேரடியாக மேஸ்திரிக்கு மொத்தமாக அனுப்புவதை மட்டும் தவிர்ப்பது நல்லது. வேலையை கண்ணால் பார்ப்பவர் கையில் பணம் இருந்தால் தான் வேலை நடக்கும்.

‘‘பில் வேணும்னா 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும்’’ என்று சிலர் சொல்வார்கள். வருஷத்துக்கு ரூ.20 லட்சத்துக்கு குறைவாக தொழில் செய்கிற மேஸ்திரி ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. அவரிடம் வரி பில் இல்லை என்பதற்காக மோசடி ஆள் என்று நினைக்க வேண்டாம். ஆனால் வரி என்று சொல்லி பணம் வாங்கினால் ஜி.எஸ்.டி. நம்பருடன் பில் கொடுத்தே ஆக வேண்டும். அந்த நம்பரை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் பெயர் வந்து விடும்.

வேலை நடக்கும் போது

மேஸ்திரிக்கு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்லிக் கொண்டே இருந்தால் எந்த வேலையும் நடக்காது. ஆனால் சில விஷயங்களை கண்டிப்பாக பார்க்க வேண்டும்.

சாதா செராமிக் டைல்ஸ் தண்ணீர் குடிக்கும். அதை தண்ணீரில் ஊற வைத்து தான் கலவையில் போட வேண்டும். இல்லாவிட்டால் கலவையில் உள்ள தண்ணீரை டைல்ஸ் உறிஞ்சி விடும், பிடிப்பு வராது. விட்ரிபைடு டைல்ஸ் அப்படி இல்லை. அது எடைக்கு 100-ல் அரை பங்கு தண்ணீர் கூட குடிக்காது. அதனால் வெறும் சிமெண்ட் அதை கெட்டியாக பிடிப்பதில்லை. சுவரில் பெரிய விட்ரிபைடு டைல்ஸ் ஒட்டுவதாக இருந்தால் டைல்ஸ் பசை தான் சரி. பையின் மேல் ஐ.எஸ். 15477 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்க. பசையை பல் வைத்த கரண்டியால் கோடு கோடாக இழுத்து, முழு டைல்சிலும் பரப்ப வேண்டும். ‘அஞ்சு பொட்டு’ வைத்து ஒட்டினால் அப்போதே நிறுத்துங்க. ஒட்டிய ஒரு டைல்சை ஈரத்திலேயே எடுத்துக் காட்டச் சொல்லி பின்பக்கம் பார்த்தால் எல்லாம் தெரிந்து விடும். நல்ல மேஸ்திரி சிரித்துக் கொண்டே எடுத்துக் காட்டுவார்.

டைல்சுக்கு டைல்ஸ் ஸ்பேசர் வைத்து குறைந்தது 2 மில்லிமீட்டர் விட வேண்டும். சுவர் ஓரத்தில் விடுகிற இடைவெளி ஸ்கர்ட்டிங்குக்கு கீழே மறைந்து விடும். போட்ட அன்றைக்கே ஜாயிண்ட் அடைக்க கூடாது, ஒரு நாளாவது விட வேண்டும். முடிந்ததும் தரையில் ஆசிட் ஊற்றி கழுவுகிற பழக்கம் நம்ம ஊரில் போகவே மாட்டேன் என்கிறது. ஆசிட் சிமெண்ட் கறையை மட்டுமா தின்னும், ஜாயிண்டில் வைத்த சிமெண்டையும் சேர்த்து தின்னும்.

டைல்ஸ் வெட்டும் போது கிளம்புகிற வெள்ளை தூசி சாதாரண தூசி இல்லை. அதில் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், அதற்கு முழுசாக குணமாக்கும் மருந்து கிடையாது. முகத்தில் துண்டை கட்டிக் கொண்டு மூடிய அறைக்குள் உட்கார்ந்து வெட்டுகிற 20 வயசு பையன்களை பார்த்தால் பாவமாக இருக்கிறது. வெளியே வைத்து, தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்க. தண்ணீரும் கரண்ட்டும் சேர்கிற இடம் என்பதால் அந்த லைனில் இ.எல்.சி.பி. இருக்க வேண்டும். ஆட்கள் கட்டுமான தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேட்டு வையுங்க.

பாத்ரூம் தான் பரீட்சை

ஹால் தரையை எப்படியும் போட்டு விடலாம். ஒரு மேஸ்திரிக்கு வேலை தெரியுமா என்பதற்கு பாத்ரூம் தான் பரீட்சை. டைல்ஸ் தண்ணீரை தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தடுக்காது. ஜாயிண்ட் வழியாக கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அடியில் வாட்டர் புரூப் பூச்சு சரியாக இருந்தால் தான் கீழ் வீட்டு சீலிங் தப்பிக்கும். பூச்சு அடித்து காய்ந்ததும், டைல்ஸ் போடும் முன்பு தண்ணீர் தேக்கி 2 நாள் விட்டுப் பாருங்க. ‘‘நாள் இல்லைண்ணே’’ என்று சொல்வார்கள். அந்த 2 நாளை கொடுத்தே ஆக வேண்டும்.

வாட்டம் இன்னொரு தலைவலி. தண்ணீர் போகும் ஓட்டையை நோக்கி 5 அடிக்கு முக்கால் அங்குலமாவது இறங்க வேண்டும். பாத்ரூம் தரை, அறை தரையை விட கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். பணம் கணக்கு பார்க்கும் முன்பு ஒரு வாளி தண்ணீரை ஊற்றி விட்டு 10 நிமிஷம் நில்லுங்க. எந்த மூலையிலாவது தண்ணீர் குளம் கட்டி நின்றால் அங்கே தான் நாளைக்கு உங்க அம்மா வழுக்கி விழப் போகிறார்கள். வழவழப்பான டைல்சை பாத்ரூமில் போடாதீங்க என்று தனியாக சொல்ல வேண்டியதில்லை என நினைக்கிறேன்.

ஆத்தங்குடி பூக்கல்

நம்ம மாவட்டத்து பெருமையான ஆத்தங்குடி கல்லுக்கு இந்த கணக்கு எதுவும் பொருந்தாது. இப்போது புது வீடுகளிலும் ஹாலில், பூஜை அறையில், திண்ணையில் பூக்கல் போட ஆசைப்படுகிறார்கள். ஆசை நல்லது தான். விட்ரிபைடு போட்டு பழகிய மேஸ்திரியிடம் அதை கொடுத்தால் தான் வம்பு.

பூக்கல் சூளையில் சுடுகிற டைல்ஸ் கிடையாது. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் கலந்த சிமெண்ட் கூழை கரண்டியால் ஊற்றி, அதன் மேல் சிமெண்ட்-மணல் கலவை போட்டு, தண்ணீரில் ஊற வைத்து கையால் செய்கிற கல். கண்ணாடியின் பளபளப்பு தான் அதன் பளபளப்பு. மிஷின் பாலிஷ் போட வேண்டியதில்லை, போட்டால் பூ அழிந்து விடும். ஆசிட் ஒரு சொட்டு பட்டாலும் கறை தான். எலுமிச்சை, புளித்தண்ணீர் சிந்தினால் கூட உடனே துடைக்க வேண்டும்.

அதனால் கல் செய்கிற இடத்திலேயே அதை போடுகிற ஆட்களையும் கேட்டு வாங்குவது தான் முறை. அவர்கள் ஸ்பேசர் வைக்காமல் நெருக்கி வைத்து, கை மட்டத்தில் சமன் செய்து, கடைசியில் தேங்காய் எண்ணெயும் உமியும் போட்டு தேய்த்துக் கொடுப்பார்கள். டைல்சை இடித்து ஒட்டாதே என்று மேலே சொன்னதற்கு இது நேர் எதிர். கல் வேற, முறை வேற. கையால் செய்வதால் ஆர்டர் கொடுத்து காத்திருக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு 10 நாள் இருக்கும் போது போய் நின்றால், சரியாக ஊறி காயாத கல் தலையில் கட்டப்படும். பெயிண்ட், பட்டி, எலக்ட்ரிக் வேலை எல்லாம் முடிந்த பிறகே பூக்கல் போட வேண்டும். பெயிண்ட் சொட்டு விழுந்தால் சுரண்டி எடுக்க முடியாது.

தகராறு வந்தால்

எல்லாம் பார்த்து செய்தும் ஏமாற்றம் வரலாம். சண்டை போடும் முன்பு போட்டோ, வீடியோ எடுத்து வையுங்க. என்ன குறை, எத்தனை நாளில் சரி செய்ய வேண்டும் என்று எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்க. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால் சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி, கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் மனு கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத் தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் 2 வருஷத்துக்குள் போட வேண்டும். அங்கே கேட்கிற முதல் கேள்வி, ‘பணம் கொடுத்ததற்கு ஆதாரம் எங்கே?’ என்பது தான்.

கடை பில், மேஸ்திரி கையெழுத்து போட்ட பேப்பர், பேட்ச் நம்பர் உள்ள ஒரு பாக்ஸ் அட்டை, மிஞ்சிய டைல்சில் ஒரு முழு பாக்ஸ். இந்த நான்கையும் பரணில் போட்டு வையுங்க. மிஞ்சிய டைல்சை திருப்பி கொடுத்தால் கடையில் கொஞ்சம் பணம் தருவார்கள் தான். ஆனால் 3 வருஷம் கழித்து குழாய் உடைந்து பாத்ரூமில் 2 டைல்சை கழற்ற வேண்டி வந்தால், அந்த கலரில் ஒரு டைல்ஸ் உலகத்தில் எங்கேயும் கிடைக்காது.